மசூது மாற்றிச் சொன்னது

தென்காசி செய்யது மசூது இருபத்திரண்டு வருடம் சூரில் இருந்தார். ஓமன் நாட்டுக் கடலோர ஊர் அது. மஸ்கட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மீன்வலை, நைலான் கயிறு, மிதவை, நங்கூரம் எல்லாம் விற்கிற ஒரு கடையில் அவருக்கு வேலை. முதலாளி அந்த ஊர்க்காரர். வாங்க வருகிறவர்களும் அந்த ஊர் மீன்பிடிக்காரர்கள்தான். அருவித் தண்ணீரையும் குளத்துத் தண்ணீரையும் மட்டுமே பார்த்து வளர்ந்த மசூது, மூன்றே வருடத்தில் எந்தக் கண்ணி அளவுக்கு எந்த மீன் சிக்கும் என்று அரபியில் விளக்குகிற ஆளாகிவிட்டார்.

அந்த அரபிதான் அவரை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. ஒருநாள் பக்கத்துக் கட்டட வேலையில் இருந்த சங்கரன்கோவில்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. டாக்டருக்கு அரபியும் இங்கிலீஷும்தான். மசூது கூடப் போய், அவர் சொன்னதை டாக்டருக்கும் டாக்டர் சொன்னதை அவருக்கும் சொன்னார். சிறுநீரகத்தில் கல். மூன்று நாளில் ஆள் எழுந்து நடந்தார். அதற்குப் பிறகு சூரில் எந்தத் தமிழ் ஆளுக்குச் சீக்கு வந்தாலும் மசூதுக்குப் போன் வரும். வெள்ளிக்கிழமை லீவு, மத்தியானம் கடை அடைக்கிற நேரம் இதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே போனது. டோக்கன் எடுப்பது, ஹெல்த் கார்டைக் காட்டுவது, ஏசிக் குளிரில் நடுங்குகிறவர்களுக்குத் தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கொடுப்பது எல்லாமே அவருக்குப் பழகிப்போயிற்று.

அது சுலபமான வேலை இல்லை. நம் ஆட்கள் டாக்டரிடம் சொல்கிற விதம் வேறு. 'காலு உளையுது' என்பார்கள். வலிப்பது வேறு, உளைவது வேறு. மசூதுக்குத் தெரிந்த அரபியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், வஜா. அதனால் 'ராத்திரி படுத்தால்தான் வருகிற வஜா, அமுக்கிவிட்டால் சுகமாக இருக்கிற வஜா' என்று சுற்றிவளைத்துச் சொல்வார். வாயு பிடித்திருக்கிறது, மேலுக்குச் சுகமில்லை, வயிற்றைப் பிசைகிறது, கிறுகிறுப்பு இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்று ஒரு சூடான் நாட்டு டாக்டர் அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அதைத் தென்காசியில் இருந்த மனைவி மிஸ்ரியாவிடம் போனில் சொல்லும்போது பெருமையில் அவருக்குக் குரலே மாறிவிட்டதாம்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. கெட்ட செய்தியைக் கொஞ்சம் மெத்தென்று ஆக்கித்தான் சொல்வார். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் சூருக்குப் போன ஆறாவது வருடம் அவருடைய வாப்பா மவுத்தானார். ஊரிலிருந்து கூப்பிட்டவர்கள் அதைச் சொல்லவில்லை. "வாப்பாக்குக் கொஞ்சம் சுகமில்ல, வந்து பாத்துட்டுப் போ" என்றுதான் சொன்னார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒருநாள் ஆகியிருந்தது. அப்படிச் சொன்னவர்கள் மேல் மசூதுக்குக் கோபம் இல்லை. விமானத்தில் அழாமல் உட்கார்ந்து வர விட்டார்களே என்றுதான் நினைத்தார். அது ஒரு இரக்கம் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது.

முத்துராஜ் சூருக்கு வந்தது அதற்கு ரொம்பப் பிறகு. சொந்த ஊர் இலத்தூர். தொழில் கொத்து வேலை. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஐந்தருவியில் நேந்திரம் சிப்ஸ் கடை போட்டுக்கொண்டிருந்தவர். மகள் கோமதி பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறாள் என்று தெரிந்ததும், அவளை நர்சிங் படிக்க வைத்தே தீருவது என்று கடையைக் கொடுத்துவிட்டு ஓமனுக்கு வந்துவிட்டார். மசூதைவிட ஏழெட்டு வயது இளையவர். தென்காசிக்காரர் என்று கேள்விப்பட்டு வலைக்கடைக்குத் தேடிக்கொண்டு வந்தவர், அன்றிலிருந்து "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று ஒட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரைச் சாலையில் நடப்பார்கள். சூரின் கோடைக்காலத்தில் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். "இந்நேரம் அங்கன சாரல் பொழியும் அண்ணாச்சி. இங்கன பாருங்க, வெந்நிக்குள்ள நடக்க மாதிரி இருக்கு" என்பார் முத்துராஜ். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதக் கடைசியில்தான் லீவு கேட்பார்.

அந்த வருடம் ஜனவரியில் அவர் கண் மஞ்சளாயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. இடுப்பு பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. "காமாலையா இருக்கும், கீழாநெல்லி கெடச்சாப் போதும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவரை மசூதுதான் இழுத்துக்கொண்டு போனார். ரத்தம், ஸ்கேன், மறுபடி ஸ்கேன். நான்காவது தடவை போனபோது எகிப்துக்காரர் ஒருவர், வயதான டாக்டர், இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

டாக்டர் மசூதைப் பார்த்துப் பேசவில்லை. முத்துராஜைப் பார்த்துத்தான் பேசினார். நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் மசூது தமிழில் சொல்வதற்கு இடம் விட்டுப் பேசினார். கணையத்தில் கட்டி. அது புற்று. ஈரலுக்குப் பரவிவிட்டது. ஆபரேஷன் செய்கிற நிலை தாண்டிவிட்டது. பித்தம் அடைத்துக்கொண்டிருப்பதால்தான் மஞ்சள். மஸ்கட்டுக்கு அனுப்பி ஒரு குழாய் வைத்தால் மஞ்சள் இறங்கும், கொஞ்ச நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான். மூன்று மாதம். கூடிப்போனால் நான்கு. இவர் வீட்டுக்குப் போகட்டும்.

முதல் வாக்கியத்துக்கு வாயைத் திறந்த மசூது, முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று டாக்டருக்குக் கையைக் காட்டினார். பக்கத்தில் முத்துராஜ் கையை மடியில் வைத்துக்கொண்டு, வாத்தியார் முன்னால் உட்கார்ந்த பிள்ளையைப் போல டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வரும் வழியில் டாக்சியில் அவர் பேசியதெல்லாம் கோமதியைப் பற்றித்தான். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. பயாலஜியில் அவள்தான் முதலாம்.

"என்ன சொல்லுதாரு அண்ணாச்சி?"

"காமாலைதாம்ல," என்றார் மசூது. "பித்தம் அடச்சிருக்காம். ஈரல்ல வீக்கம். மஸ்கட்ல ஒரு சின்னக் குழாய் வெச்சு எடுத்துருவாங்களாம். பொறவு ஊருக்குப் போயி ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுதாரு."

முத்துராஜின் முகம் தெளிந்தது. எழுந்து, தனக்குத் தெரிந்த நாலு அரபிச் சொல்லில் ஒன்றை எடுத்து, "சுக்ரன் டாக்டர், சுக்ரன்" என்று கையைக் கூப்பினார். மூன்று மாதம் என்று கேட்ட மனிதன் சிரித்து நன்றி சொல்வதைப் பார்த்து டாக்டர் ஒரு நிமிடம் திகைத்துவிட்டார். பிறகு எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்து நின்றார்.

வெளியே வந்ததும் முத்துராஜ், "நல்ல மனுசன்" என்றார். "ஆனா காமாலைக்குப் போயி எதுக்கு ஊருக்கு? ஜூன்ல லீவு இருக்குல்லா. புள்ளைக்கும் பரீட்ச முடிஞ்சிருக்கும், சாரலும் விழும். அப்பம் போயிக்கிடுதேன்."

ஊருக்குப் போகச் சொன்னால் போய்விடுவார், அங்கே போன பிறகு தானாகத் தெரிந்துகொள்வார் என்றுதான் மசூது கணக்குப் போட்டிருந்தார். அவர் போகமாட்டேன் என்று சொல்வார் என்று நினைக்கவில்லை. அந்த இடத்திலேயே நிறுத்தி உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பைலு எங்கிட்ட இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

மஸ்கட்டில் குழாய் வைத்தார்கள். டாக்டர் சொன்னபடியே மஞ்சள் இறங்கியது. பிப்ரவரியில் முத்துராஜ் மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டார், மறுபடி வேலைக்கும் போனார். "பாத்தியளா அண்ணாச்சி, குழாய் வெச்சதும் எப்படி ஆயிட்டேன்" என்று கையை மடக்கிக் காட்டினார். டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று மசூதுக்கே தோன்ற ஆரம்பித்தது. அப்படித் தோன்றுவது அவருக்கு வசதியாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி நர்ஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரிடம் சொல்லியாயிற்றா? ஏன் இன்னும் ஊருக்கு அனுப்பவில்லை?" என்று கேட்டாள். "சொல்லியாச்சு. அவருதான் போகமாட்டேங்காரு" என்றார் மசூது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

சொல்ல முயலாமலும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, "முத்துராஜ், ஒண்ணு சொல்லணும்ல" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து இலத்தூரிலிருந்து வீடியோ கால் வந்தது. இன்னொரு நாள் முத்துராஜின் மனைவி சத்யபிரியாவின் நம்பரைப் போட்டு, இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டார். அவள் உடனே திருப்பிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கூப்பிட்டியளா?"

"இல்லம்மா. கை பட்டுட்டு."

"அவரு நல்லாருக்காரா? காமாலை கொறஞ்சிட்டுன்னாரு. நீங்க பக்கத்துல இருக்கதுதாண்ணே எங்களுக்குத் தைரியம்."

மார்ச் வந்தது. கோமதி பரீட்சை எழுதப் போகிற ஒவ்வொரு நாளும் முத்துராஜ் வலைக்கடைக்கு வந்து, "இன்னைக்கு கெமிஸ்ட்ரி, துஆ செய்யுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார். இன்னும் ஒரு பரீட்சை, இன்னும் இரண்டு பரீட்சை, அது முடியட்டும் என்று மசூது தள்ளிக்கொண்டே போனார். நோன்பு பிறந்து ஆறாவது நாள், வேலை செய்கிற இடத்தில் முத்துராஜ் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாவது நாள் காலையில் அதே எகிப்து டாக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது, முத்துராஜ் மசூதின் கையைப் பிடித்தார்.

"ஜூனுக்குள்ள சரியாயிருமான்னு கேளுங்க அண்ணாச்சி."

மசூது டாக்டரைப் பார்த்தார். கேட்கவில்லை. "இவருக்கு வலி தெரியாமல் ஏதாவது செய்யுங்கள்" என்று அரபியில் கேட்டார். டாக்டர் தலையசைத்தார்.

"ஆயிருமாம்ல," என்றார் மசூது.

அன்று சாயங்காலம், அஸர் தொழுகைக்கு முன்னால் முத்துராஜ் போய்விட்டார். சத்யபிரியாவுக்குப் போன் செய்தவரும் மசூதுதான். "திடீர்னு முடியாமப் போயிட்டும்மா. யாரும் எதிர்பாக்கல" என்றார். பிறகு ஆறு நாள், நோன்பு வைத்துக்கொண்டே, போலீஸ், ஆஸ்பத்திரி, தூதரகம், விமானக் கம்பெனி என்று அலைந்தார். பெட்டியைத் திருவனந்தபுரத்துக்கு ஏற்றிவிட்டு, மஸ்கட் விமான நிலையத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார்.

ஜூலையில் லீவில் தென்காசிக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள் மிஸ்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "அந்தப் பொம்பளைக்குத் தெரியாமக் கெடக்கட்டுமே. இனிச் சொல்லி என்ன ஆவப் போவுது?" என்றாள்.

"நானும் அப்படித்தான் சொல்லிச் சொல்லி இவ்வளவு தூரம் வந்துட்டேன்," என்றார் மசூது.

மறுநாள் காலையில், பைலை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு இலத்தூருக்கு பஸ் ஏறினார். வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு ஆச்சி, "சீசன்லா, ஐந்தருவியில கடை போட்டிருக்கா. அவரு முன்ன கடை போட்ட அதே எடந்தான். மகளும் அங்கனதான் கெடக்கா" என்றார். மசூது மறுபடி தென்காசிக்கு வந்து, அங்கிருந்து குற்றாலம் பஸ் பிடித்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வேன்களும் கார்களும் ஐந்தருவிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. ஈரத்துணியோடு ஆட்கள் சிப்ஸ் கடைகளை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். நான்காவது கடையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே சத்யபிரியா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போட்டோவில் பார்த்த முகம்தான், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கோமதி தராசுப் பக்கம் நின்றாள்.

"சத்யபிரியாம்மா, நான் மசூது. சூர்ல இருந்து…"

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அண்ணே! ஏட்டி கோமதி, மாமா வந்திருக்காங்க பாரு, அந்த ஸ்டூல எடுட்டி!" ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்று அழுதாள். "நீங்க இல்லேன்னா அவரு உடம்புகூட எனக்குக் கெடச்சிருக்காதுண்ணே. நோன்பு வயித்தோட அலைஞ்சியளாமே. அங்க உள்ளவங்க சொன்னாங்க. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்." கடையில் இருந்த ரம்புத்தான் பழத்தைக் கைகொள்ளாமல் அள்ளி ஒரு பையில் போட்டு, "வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்று அவர் மடியில் வைத்தாள். கோமதி டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினாள். நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டதாம்.

அந்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்ததாக மசூது பிற்பாடு மிஸ்ரியாவிடம் சொன்னார். டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"என்னண்ணே?"

"முத்துராஜுக்குக் காமாலை இல்ல. புத்துநோய். ஜனவரியிலயே டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

சத்யபிரியாவுக்குப் புரியவில்லை. "யார்ட்ட மாத்திச் சொன்னிய?"

"முத்துராஜ்ட்ட. அவன் பக்கத்துல உக்காந்திருக்கான். டாக்டர் அரபியில சொல்லுதாரு. நான் காமாலைன்னு தமிழ்ல சொல்லிட்டேன்."

சட்டியில் சிப்ஸ் கருக ஆரம்பித்தது. யாரோ ஒருவர், "அக்கா, அரைக்கிலோ" என்று கத்தினார். சத்யபிரியா திரும்பிப் போய், கருகியதை அரித்துக் கொட்டிவிட்டு, அரைக்கிலோ நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

கோமதி அவர் முன்னால் வந்து நின்றாள். "டாக்டர் என்ன சொன்னாரு மாமா? அவர் சொன்னது அப்படியே எனக்கு வேணும்."

"கணையத்துல…"

"ஒவ்வொண்ணா சொல்லுங்க. அவரு எப்படிச் சொன்னாரோ அப்படி."

மசூது சொன்னார். அந்த அறையில் டாக்டர் இடம் விட்டு இடம் விட்டுச் சொன்னாரே, அதே வரிசையில் சொன்னார். கட்டி. ஈரலுக்குப் பரவியது. ஆபரேஷன் முடியாதது. குழாய் வைத்தால் நன்றாக இருப்பது போலத் தோன்றும் என்றது. மூன்று மாதம், கூடினால் நான்கு. கடைசி வாக்கியம் வந்தபோது அவருக்குத் தமிழ் வரவில்லை. "கல்லீஹி யர்ஜா லி அஹ்லிஹி" என்று அரபியில் சொல்லிவிட்டு நின்றார்.

"அப்படின்னா?"

"அவன் பொண்டாட்டி புள்ளைட்ட போகட்டும், விடு அப்படின்னாரு."

கோமதி அவர் நீட்டிய துணிப்பையிலிருந்து பைலை எடுத்தாள். ஈரம் படாமல் தார்ப்பாய்க்குள் திரும்பி நின்று, இங்கிலீஷில் இருந்ததை வாசித்தாள். தேதியின் மேல் விரலை வைத்தாள். "இத எங்கிட்ட வாட்சப்ல அனுப்பியிருந்தா நானே வாசிச்சிருப்பேனே மாமா. எனக்கு வாசிக்கத் தெரியும்லா."

அவள் பைலை மூடினாள்.

"ஏன் சொல்லல?"

பரீட்சை என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் இந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் அதைச் சுமக்க வேண்டும். அதுவுமில்லாமல், பரீட்சைதான் காரணமா, இல்லை தன் கோழைத்தனத்துக்கு அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. "பயம்மா" என்றார். "அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல." அன்று அவர் அங்கே சொல்லாமல் விட்டது பரீட்சையைத்தான்.

சத்யபிரியா அதுவரை அணைத்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிக் கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தா அவரு வந்திருப்பாராண்ணே?"

"மறுநாளே வந்திருப்பான்."

"பொழச்சிருப்பாரா?"

"இல்லம்மா. அது மட்டும் யார் கையிலயும் இல்லாததுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. "மூணு மாசம் இருந்திருப்பாரு. நான் கஞ்சி வெச்சுக் குடுத்திருப்பேன். முதுகத் தேச்சு விட்டிருப்பேன். வலிக்குன்னா பக்கத்துல உக்காந்திருப்பேன். வேற நான் என்னத்தச் செஞ்சிருக்கப் போறேன்? அதத்தானே இல்லாம ஆக்கிட்டிய."

மசூது எழுந்தார். "என்னய மன்னிச்சிருங்க" என்று சொல்ல வந்தவர், அதை அவளிடம் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டதால் சொல்லவில்லை.

"போயிட்டு வாங்க" என்று சொல்லித்தான் யாரையும் அனுப்புவது வழக்கம். சத்யபிரியா, "போங்கண்ணே" என்றாள். அவர் நாலடி நடந்த பிறகு கோமதி பின்னாலேயே வந்து, ஸ்டூலின் மேல் விட்டுவந்த ரம்புத்தான் பையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். பைலைத் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் குளித்துவிட்டு வந்த குடும்பம் ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டு நின்றது. மசூது மழையில் நனைந்துகொண்டே தென்காசி வரை நடந்து போனார். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மிஸ்ரியா தலையைத் துவட்டிவிட்டாள். என்ன நடந்தது என்று அவராகச் சொல்கிறவரை அவள் கேட்கவில்லை.

அவர் சூருக்குத் திரும்பிப் போகவில்லை. முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டார். அந்த ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு தடவை போய் நிற்க முடியாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி விசாவை முடித்துக்கொண்டார். இப்போது தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் கயிறு, தார்ப்பாய், சணல் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவர், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார்.

அடுத்த வருடம் சீசனில் மிஸ்ரியா அவரிடம் சொல்லாமல் ஐந்தருவிக்குப் போய் வந்தாள். திரும்பி வந்துதான் சொன்னாள்.

"நான் மசூது வீட்டுக்காரின்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. உக்காருங்கன்னா. உக்காந்தேன். ஆளு வந்துக்கிட்டே இருந்துச்சு, அவ எட போட்டுக்கிட்டே இருந்தா. ஒரு மணி நேரம் போல அப்படியே இருந்துட்டு வந்துட்டேன்."

அவருக்கு அரபி தெரியும் என்று கேள்விப்பட்டு கடைக்கு ஆட்கள் வருவார்கள். கடையநல்லூர், வடகரை, தென்காசி என்று சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது அரபு நாட்டில் இருக்கிறார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதை வீட்டுப் பெண்கள் மசூதிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார்கள். முதலில் மாட்டேன் என்றுதான் சொல்லிப் பார்த்தார். விடவில்லை. அதனால் வாசிக்கிறார். தெரியாத சொல் இருந்தால் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறார். தெரிந்ததை, இருக்கிறபடி சொல்கிறார்.

போன மாதம் வடகரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் ஜித்தாவில். போனில் இருந்த ரிப்போர்ட்டைக் காட்டி, "சும்மா வாயுக் கோளாறுன்னுதான் அவங்க சொன்னாங்க. நல்லாத்தானே இருக்கு மாமா?" என்று கேட்டாள். மசூது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு கடைக்குள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு இருக்கிறது, ஆபரேஷனை உடனே செய்யச் சொல்லி எழுதியிருக்கிறார்கள், தள்ளிப்போடக் கூடாது என்று இருக்கிறது என்றார். அவள் கத்தினாள். "என் புருஷனப் பத்தி என்ன வார்த்தை சொல்லுதிய? மனுசனா நீங்க?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மத்தியானம் மிஸ்ரியா சோறு கொண்டுவந்தபோது மசூது சாப்பிடவில்லை, நடந்ததைச் சொன்னார். "கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள்.

"பதமாத்தான் சொன்னேன்," என்றார் மசூது. "ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அந்தப் பெண் பிறகு வரவில்லை. அவள் புருஷனுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது.